ஆபத்தான கழிவுகளோடு வேலை: கள வேதியியலாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வகம், தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி என்று வேதிப்பொருள் புழங்கும் இடம் எதுவானாலும், அங்கே ஏதாவது ஒரு அலமாரியில் வேண்டாத பாட்டில்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். வாங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார், ஆராய்ச்சி முடிந்திருக்கும், லேபிள் மங்கியிருக்கும். அங்கே போய், எது என்ன என்று கண்டறிந்து, பிரித்து, டிரம்களில் அடுக்கி, லேபிள் ஒட்டி, எரிப்பு உலைக்கோ சுத்திகரிப்பு ஆலைக்கோ பத்திரமாகப் போய்ச்சேரும்படி அனுப்பி வைக்கிறவர்தான் ஃபீல்டு கெமிஸ்ட், அதாவது கள வேதியியலாளர்.

வேதியியல் பட்டம் முடித்தவர்கள் பலருக்கு இது முதல் வேலையாக அமைகிறது. கல்லூரியில் இரண்டு பொருள்களைக் கலந்தால் என்ன ஆகும் என்று படிக்கிறோம். இங்கே அந்த அறிவு முழுவதும் அவை கலக்காமல் பார்த்துக்கொள்ளப் பயன்படுகிறது. முக்கியமான முடிவுகள் எல்லாம் பாட்டிலில் கை படுவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் விதி. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதல் படி: பட்டியலை முன்கூட்டியே வாங்குங்கள்

கழிவைக் கொடுக்கும் இடத்திலிருந்து பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பெயர், அளவு, பாட்டில் எண்ணிக்கை, திடமா திரவமா என்பதோடு சிஏஎஸ் எண்ணும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருந்தால் மிகவும் நல்லது. பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். பட்டியலில் 'ஈதர்' என்று மட்டும் இருந்தால் அது டைஎத்தில் ஈதராக இருக்கலாம், பெட்ரோலியம் ஈதராகவும் இருக்கலாம். முன்னது நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடை உருவாக்கும். பின்னது வெறும் ஹைட்ரோகார்பன் கலவை. தீப்பிடிக்கும், ஆனால் அந்தப் பயம் இல்லை. சிஏஎஸ் எண் இருந்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

பட்டியலைப் படிக்கும்போதே சிவப்பு மையால் குறிக்க வேண்டியவை சில உண்டு: பிக்ரிக் அமிலம், மற்ற நைட்ரோ சேர்மங்கள், அசைடுகள், ஈதர் வகைகள், பெர்குளோரிக் அமிலம், ஆர்கானிக் பெராக்சைடுகள், சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்கள், சயனைடு, சல்ஃபைடு, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், பாதரசம், சின்னச் சின்ன வாயு சிலிண்டர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய திட்டம் மாறும்.

ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள், அதாவது எஸ்டிஎஸ் இருக்கும். அதில் 16 பகுதிகள் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் 10ஆம் பகுதியை முதலில் படியுங்கள். எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அங்கேதான் இருக்கிறது. 14ஆம் பகுதியில் போக்குவரத்து வகைப்பாடு கிடைக்கும்.

அப்புறம், பட்டியலில் இல்லாதது என்ன என்று அங்கே உள்ளவரிடம் கேளுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள், சிங்க்குக்கு அடியில், பூட்டிய அறையில் ஏதாவது இருக்கிறதா என்று இடத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதே பேச்சில் கண் கழுவும் குழாய், அவசர ஷவர், வெளியேறும் வழி, டிரம் இறக்க லிஃப்ட் ஆகியவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உடலில் அணிவது

கையுறை போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்ற நினைப்புதான் புதியவர்களிடம் நான் முதலில் மாற்றப் பார்ப்பது. எல்லாக் கையுறையும் எல்லாப் பொருளையும் தடுக்காது. மெல்லிய நைட்ரைல் கையுறை வழியாக அசிட்டோனும் டைகுளோரோமீத்தேனும் சீக்கிரமே உள்ளே வந்துவிடும். 1996 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் டைமெத்தில் பாதரசம் சில துளி சிந்தியது. அவர் அணிந்திருந்தது லேடெக்ஸ். கையுறையில் ஓட்டை எதுவும் இல்லை. அந்தத் திரவம் லேடெக்ஸை ஊடுருவச் சில நொடிகளே போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்துபோனார். நச்சு உலோகங்களையே ஆராய்ந்த நிபுணர் அவர். அன்றைய வழக்கப்படி சரியாகத்தான் வேலை செய்தார். கையுறைத் தயாரிப்பாளர் தரும் ஊடுருவல் அட்டவணையை ஒவ்வொரு பொருளுக்கும் பார்க்கச் சொல்வது இதனால்தான். அபாயமான பொருள் என்றால் உள்ளே பல அடுக்கு லேமினேட் கையுறை, அதன் மேல் கிழியாத கனமான கையுறை என்று இரண்டாக அணியுங்கள்.

ரெஸ்பிரேட்டர், அதாவது மூச்சுக் கவசம், முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் உட்காராது, விளிம்பு வழியே காற்று உள்ளே வரும். பொருத்தச் சோதனை செய்யாத ரெஸ்பிரேட்டரை அணியவே வேண்டாம். அதில் மாட்டும் கார்ட்ரிட்ஜ் காற்றை வடிகட்டுமே தவிர ஆக்சிஜன் தராது. காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கார்ட்ரிட்ஜ் பயன்படாது. காற்றுச் சிலிண்டர் வேண்டும், அல்லது வெளியே வந்துவிட வேண்டும். கார்ட்ரிட்ஜின் நிறக் குறியீடு நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நிறத்தைப் பார்த்து எடுக்காமல், எழுத்தைப் படித்து எடுங்கள்.

காற்றை அளக்கும் கருவிகளுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. ஆவிகளைக் காட்டும் பிஐடி கருவிக்கு மீத்தேன் தெரியாது. எரிவாயு அளவைக் காட்டும் கேட்டலிட்டிக் சென்சார் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தவறாகக் காட்டும். சிலிகோன் ஆவி பட்டால் கெட்டும் போகும். ஒரு கருவி பூஜ்யம் காட்டுகிறது என்பதை வைத்து மட்டும் அந்த இடம் பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது.

பட்டியலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம், சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துவிடும். அதனால் பட்டது என்ற சந்தேகம் வந்தாலே உடனே தண்ணீரில் கழுவி, ஜெல் தடவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "வலிக்கலையே" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று

இடத்துக்குப் போனதும் டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா அலமாரிகளையும் ஒரு முறை பார்த்து வாருங்கள். எதையும் நகர்த்த வேண்டாம். உப்பிய டிரம், கசிவு, மூடியைச் சுற்றிப் படிந்த உப்பு, துருப்பிடித்த தகரக் கேன், பாட்டிலுக்குள் வித்தியாசமான நிறம், இவற்றைத்தான் தேடுகிறோம்.

ஒரு பழைய ஈதர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொள்வோம் என்றாலும் கையில் எடுக்கப் போவதில்லை. அலமாரியில் இருக்கும் இடத்திலேயே அதன் பின்பக்கம் டார்ச்சைப் பிடித்து, முன்னால் இருந்து பாருங்கள். திரவம் தெளிவாக இருக்கிறதா, அடியில் கொழகொழவென்று ஏதாவது தங்கியிருக்கிறதா, திரவத்தில் இழை இழையாக மிதக்கிறதா, கழுத்துப் பகுதியில் வெள்ளைப் படிகம் தெரிகிறதா? வாங்கிய தேதி, திறந்த தேதி லேபிளில் உண்டா? ஈதர் காற்றோடு சேர்ந்து பெராக்சைடை உண்டாக்குகிறது. திரவம் ஆவியாக ஆவியாக மிஞ்சியதில் அதன் செறிவு கூடுகிறது. மூடியின் மரைக்குள் படிகம் படிந்திருந்தால், மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். டைஐசோபுரோப்பைல் ஈதர் இந்தக் குடும்பத்திலேயே மோசமானது. டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்சேன் இரண்டும் இதே வகைதான்.

தேதி சமீபமாக இருந்து, திரவமும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் மட்டுமே பெராக்சைடு சோதனைத் தாளுக்குப் போகலாம். 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) மேல் காட்டினால் அதைச் சாதாரணக் கழிவோடு சேர்க்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. படிகம் தெரிந்தாலோ, தேதியே இல்லாத பழைய பாட்டிலாக இருந்தாலோ சோதிக்கவும் வேண்டாம். அறையை விட்டு வெளியேறி, கதவை மூடி, யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, வெடிபொருள் கையாளும் சிறப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்படிக் கூப்பிடத் தெரிந்தவர்களோடுதான் நான் வேலை செய்ய விரும்புவேன்.

பிக்ரிக் அமிலமும் அப்படித்தான். குறைந்தது 30 சதவீதம் தண்ணீரோடு ஈரமாகவே அது விற்கப்படுகிறது. வருடக்கணக்கில் கிடந்து காய்ந்துவிட்டால் வெடிபொருள். உலோக மூடி என்றால் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து பிக்ரேட் உப்பாக மாறியிருக்கலாம். அது தட்டுவதற்கும் உரசுவதற்கும் இன்னும் எளிதில் வெடிக்கும். பாட்டிலுக்குள் ஈரக் குழம்பாகத் தெரிகிறதா, காய்ந்த மஞ்சள் தூளாகத் தெரிகிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். தூள் என்றால் தொடாதீர்கள். எண்ணெயில் கிடக்கும் பொட்டாசியத் துண்டு மேல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் படிவு இருந்தால் அது சூப்பர் ஆக்சைடாக இருக்கலாம், வெட்டினால் வெடிக்கும்.

நான்காம் படி: பிரித்தல்

அகரவரிசையில் அடுக்கிய அலமாரிதான் ஆபத்தான அலமாரி. அசிட்டிக் அமிலமும் அம்மோனியம் நைட்ரேட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாம் ஐ.நா. போக்குவரத்து வகைப்பாட்டின்படி பிரிக்கிறோம். மொத்தம் 9 வகுப்புகள்: வெடிபொருள், வாயு, தீப்பிடிக்கும் திரவம், தீப்பிடிக்கும் திடப்பொருள், ஆக்சிஜனேற்றிகளும் (மற்றவை எரிய ஆக்சிஜன் கொடுப்பவை) ஆர்கானிக் பெராக்சைடும், நச்சு, கதிரியக்கம், அரிப்புப் பொருள், மற்றவை. நான்காம் வகுப்பில் மூன்று பிரிவுகள் உண்டு. அவற்றில் 4.2 காற்றுப் பட்டாலே தானாகப் பற்றும், 4.3 தண்ணீர் பட்டால் எரிவாயு விடும்.

வகுப்பு எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரே டிரம்மில் போட்டுவிடக் கூடாது. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. 8ஆம் வகுப்பில் அமிலமும் இருக்கிறது, காரமும் இருக்கிறது. இரண்டும் தனித்தனி டிரம். அமிலத்துக்குள்ளேயே நைட்ரிக் அமிலம் தனி. அது ஆக்சிஜனேற்றி, அசிட்டிக் அமிலமோ சுமார் 40 டிகிரி செல்சியஸில் பற்றக்கூடிய ஆவி விடும் கரிமப்பொருள். பெர்குளோரிக் அமிலத்துக்கும் தனி இடம். ஆக்சிஜனேற்றிகளில் குளோரேட்டை அம்மோனியம் உப்போடு வைக்கக் கூடாது. நீச்சல் குளத்துக்குப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டிரைகுளோர் மாத்திரையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்; ஈரத்தில் கலந்தால் வெடிக்கும் வாயு வரும். சயனைடும் சல்ஃபைடும் அமிலம் இருக்கும் திசையிலேயே போகக் கூடாது. முன்னது ஹைட்ரஜன் சயனைடும், பின்னது ஹைட்ரஜன் சல்ஃபைடும் விடும். சோடியம் அசைடு அமிலத்தோடும் சேராது, ஈயம், செம்பு போன்ற உலோகங்களோடும் சேராது.

கழிவு கடைசியில் எங்கே போகிறது என்பது தெரிந்தால் பிரிப்பது இன்னும் தெளிவாகும். கரைப்பான்கள் பெரும்பாலும் எரிபொருளாகச் சிமென்ட் சூளைக்கோ எரிப்பு உலைக்கோ போகின்றன. அமிலமும் காரமும் நடுநிலையாக்கப்படுகின்றன. கன உலோகக் கரைசலை வீழ்படிவாக்கிக் கெட்டிப்படுத்துகிறார்கள். பாதரசம் எரியாது, ஆவியாகிப் புகைபோக்கி வழியே ஊர்க் காற்றில் கலக்கும். உடைந்த தெர்மாமீட்டர் ஒன்றைக்கூட எரிக்கப் போகும் டிரம்மில் போடாமல் தனியாக வையுங்கள்.

ஐந்தாம் படி: பெயர் தெரியாத பாட்டில்

லேபிள் இல்லாத பாட்டில் ஒவ்வோர் இடத்திலும் உண்டு. முதலில் ஆளைத் தேடுங்கள்; பல நேரங்களில் சோதனையை விட ஒரு தொலைபேசி அழைப்பு அதிகம் சொல்லும். அங்கே எந்த வேலை நடந்தது, அந்த அலமாரியை யார் பயன்படுத்தினார், பக்கத்துப் பாட்டில்கள் எவை? இவற்றுக்குப் பதில் தெரிந்து, வெளித்தோற்றத்திலும் சந்தேகம் எழவில்லை என்றால் மட்டுமே திறப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கதிரியக்கம் இருக்கிறதா என்று மூடியோடேயே கருவியால் பாருங்கள். பிறகு ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டின் கீழ், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், மெதுவாகத் திறந்து ஆவியை அளவிடுங்கள். முகர்ந்து பார்ப்பது சோதனையில் சேராது. ஒன்றிரண்டு மில்லி மாதிரி போதும். ஒரு துளியைச் சிறிது தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: சூடாகிறதா, நுரைக்கிறதா, புகைகிறதா? அடுத்து வரும் சோதனைகள் பலவற்றில் தண்ணீர் வருவதால் இதை முந்திச் செய்கிறோம். அதே துளி கரைகிறதா, மிதக்கிறதா, அடியில் போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கரையாமல் அடியில் போகும் கரைப்பானில் குளோரின் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் செம்புக் கம்பிச் சோதனை உண்டு: கம்பியைச் சூடாக்கி, மாதிரியில் தொட்டு, திரும்பச் சுடரில் காட்டினால் பச்சை நிறம் வரும்.

பிஎச் தாளில் 2 அல்லது அதற்குக் கீழே, அல்லது 12.5 அல்லது அதற்கு மேலே காட்டினால் அரிப்புப் பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை நீர்த்த அமிலத்தில் நனைத்துத் தொட்டால், ஆக்சிஜனேற்றி அதைக் கருநீலமாக்கும். லெட் அசிட்டேட் தாள் கறுத்தால் சல்ஃபைடு. சயனைடுக்குத் தனிச் சோதனைப் பெட்டி இருக்கிறது. காரத்தன்மை உள்ள எந்தத் தெரியாத கரைசலிலும் இதைத் தவறாமல் செய்யுங்கள். தெரியாத பொருளில் அமிலம் ஊற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் சோதனைகள் பொருளின் பெயரைச் சொல்லாது. எந்த வகுப்பு, எந்த டிரம் என்பதைச் சொல்லும். நமக்கு அது போதும்.

ஆறாம் படி: டிரம்மில் அடுக்குதல்

சின்னப் பாட்டில்களை டிரம்மில் அடுக்குவதை லேப் பேக் என்கிறோம். டிரம்மின் பக்கவாட்டில் ஐ.நா. முத்திரை இருக்கும். 1ஏ2 என்றால் மேல்மூடி முழுதாகத் திறக்கும் எஃகு டிரம், 1எச்2 என்றால் அதுவே பிளாஸ்டிக்கில். அதற்கு அடுத்த எழுத்து எக்ஸ் என்றால் மிக ஆபத்தான முதல் பேக்கிங் குரூப்பிலிருந்து (ஆபத்தின் அளவைச் சொல்லும் பிரிவு) மூன்றும் போடலாம். ஒய் என்றால் இரண்டும் மூன்றும். இசட் என்றால் மூன்றாவது மட்டும். நெளிந்த விளிம்போ, மூடியின் ரப்பர் கேஸ்கெட்டில் விரிசலோ இருந்தால் அந்த டிரம் வேண்டாம்.

அடியில் ஒரு கை உயரத்துக்கு வெர்மிகுலைட் (திரவத்தை உறிஞ்சும் கனிமத் துகள்) கொட்டுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் மூடியையும் இறுக்கிப் பார்த்து, வாய் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். பாட்டிலும் பாட்டிலும் தொடக் கூடாது, பாட்டில் டிரம் சுவரையும் தொடக் கூடாது. கனமானது கீழ் அடுக்கில். இடைவெளியில் வெர்மிகுலைட் கொட்டி, டிரம்மை லேசாக அசைத்தால் அது இறங்கும், மறுபடி கொட்டுங்கள். அத்தனை பாட்டிலும் உடைந்தாலும் அத்தனை திரவத்தையும் உறிஞ்சும் அளவுக்கு அது இருக்க வேண்டும். ஒருவர் வைக்க, இன்னொருவர் அப்போதே பேக்கிங் லிஸ்ட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதும் லிஸ்ட்டை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டிரம்மைக் கொட்டித் திரும்ப அடுக்கச் சொல்வேன்.

உறிஞ்சியைத் தேர்வதும் வேதியியல்தான். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையும் சிலிக்கேட்டையும் தின்னும், வெர்மிகுலைட்டும் சிலிக்கேட்தான். ஆக்சிஜனேற்றியோடு மரத்தூள், காகிதம், துணி எதுவும் சேரக் கூடாது. இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 2014 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், நிலத்தடி உப்புப் பாறையில் அணுக்கழிவைப் புதைக்கும் விப் நிலையத்தில் ஒரு டிரம் உள்ளிருந்தே சூடாகிப் பிளந்தது. அதில் நைட்ரேட் உப்புக் கழிவு இருந்தது. உறிஞ்சுவதற்குக் களிமண் வகைக்குப் பதிலாகக் கோதுமையால் ஆன பொருளைப் போட்டிருந்தார்கள். கோதுமை எரிபொருள், நைட்ரேட் ஆக்சிஜனேற்றி. அடுக்கிய நாளில் எதுவும் நடக்கவில்லை. கதிரியக்கம் நிலத்துக்கு மேலே வரை வந்தது. நிலையம் ஏறக்குறைய மூன்று வருடம் கழிவு வாங்காமல் நின்றது.

மூடியைப் போட்டு வளையத்தை மாட்டியதும், போல்ட்டை முறுக்கிக்கொண்டே வளையத்தைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். தட்டத் தட்ட வளையம் உட்கார்ந்து போல்ட் மறுபடி தளரும். இனித் தளராது என்ற நிலை வரும் வரை முறுக்க வேண்டும். நிறைந்த 200 லிட்டர் டிரம் 200 கிலோவைத் தாண்டலாம். அதற்கு டிரம் தள்ளுவண்டி இருக்கிறது. முதுகையும் விரல்களையும் பணயம் வைக்காதீர்கள்.

ஏழாம் படி: திரவங்களை ஒன்றாக ஊற்றுதல்

ஒரே வகைக் கரைப்பான் நிறைய இருந்தால் ஒரே டிரம்மில் ஊற்றுவது வழக்கம். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலிருந்தும் சில மில்லி எடுத்து, உண்மையில் சேரப்போகும் விகிதத்தில் ஒரு சின்ன ஜாடியில் கலந்து, தெர்மாமீட்டர் வைத்துக் கால் மணி நேரமாவது கவனியுங்கள். சூடு ஏறினாலோ குமிழ் வந்தாலோ நிறம் மாறினாலோ அந்தக் கலவை வேண்டாம். நைட்ரிக் அமிலம் மிச்சமிருந்த பாட்டிலில் கரைப்பானை ஊற்றி மூடி வைத்து, சற்று நேரம் கழித்துப் பாட்டில் வெடிப்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து.

தீப்பிடிக்கும் திரவம் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். இரண்டு உலோகக் கலன்களையும் கம்பியால் இணைத்து, தரையோடும் இணையுங்கள். கம்பியின் கவ்வி பெயின்ட் மேல் கவ்வினால் பயனில்லை, வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். டிரம்மை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் திரவம் விரியும்.

எட்டாம் படி: லேபிளும் காகிதமும்

டிரம்மை அடுத்துத் திறக்கப் போகிறவர் உங்களைப் பார்த்ததே இல்லை. லாரி ஓட்டுநர், கிடங்கில் இறக்குபவர், உலைக்கு அனுப்புபவர், வழியில் விபத்து என்றால் ஓடிவரும் தீயணைப்பு வீரர், எல்லோரும் நீங்கள் எழுதியதை மட்டுமே நம்பி நிற்கிறார்கள். அதனால் போக்குவரத்து விவரம் வரிசை மாறாமல் இருக்க வேண்டும்: யூஎன் எண் (பொருளுக்கான ஐ.நா. போக்குவரத்து எண்), பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப். அசிட்டோன் என்றால் 'யூஎன் 1090, கழிவு அசிட்டோன், 3, பேக்கிங் குரூப் 2'. தனிப்பெயர் இல்லாத கரைப்பான் கலவைக்கு யூஎன் 1993 போன்ற பொதுப்பதிவு உண்டு. அதைப் போடும்போது உள்ளே முக்கியமாக இருக்கும் பொருள்களின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

பழைய டிரம்மைத் திரும்பப் பயன்படுத்தினால் பழைய லேபிளை முழுவதும் எடுத்துவிடுங்கள். காகிதத்தில் உள்ள டிரம் எண்ணிக்கையும் லாரியில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே எண்ணிப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். நாட்டு எல்லையைத் தாண்டும் கழிவுக்கு 1989இல் உருவான பாசல் உடன்படிக்கைப்படி, வாங்கும் நாட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

ஒன்பதாம் படி: வேலை முடிந்த பிறகு

கழற்றும்போதுதான் பலருக்குத் தோலில் படுகிறது. வெளிக் கையுறையையும் பூட்ஸையும் முதலில் கழுவுங்கள். பிறகு வெளிக் கையுறை, உடை, ரெஸ்பிரேட்டர், கடைசியில் உள் கையுறை என்ற வரிசையில் கழற்றுங்கள். உடையை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி எடுத்தால் அழுக்கு உள்ளேயே அடங்கும். கைகழுவாமல் தொலைபேசியைத் தொடாதீர்கள். வேலை உடையை வீட்டுத் துணியோடு துவைக்க எடுத்துப்போக வேண்டாம்; வீட்டில் குழந்தை இருக்கும்.

காற்றுப் புகாத உடையில் உடல் சூடேறுவது தாமதமாகத்தான் தெரியும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்து, நேரம் பார்த்து ஓய்வெடுங்கள். கூட வேலை செய்பவர் பேச்சில் குழறினாலோ நடையில் தடுமாறினாலோ, வேலையை நிறுத்தி அவரை நிழலுக்குக் கொண்டுவந்து உடையைக் கழற்றி உடலைக் குளிரவைத்து, மருத்துவ உதவிக்கும் ஆளை அனுப்புங்கள்.

வேலையில் சேரும்போதே ரத்தம், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஏதாவது மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை அளவு வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், எதைக் கையாண்டீர்கள், எதுவாவது மேலே பட்டதா என்று உங்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். நிறுவனத்தின் பதிவேடு நிறுவனத்தோடு இருந்துவிடும், வேலை மாறும்போது கூட வராது. மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எஸ்டிஎஸ் பிரதியையும் கொண்டுபோங்கள். எதைச் சோதிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அவைதான் உதவும்.